இரண்டாம் வாங்கு யாக்கோப்பு

யாக்கோப்பு குத்துக்கல்லுப் போல உயிரோடுதான் இருக்கிறார். இன்று காலையும் கண்டேன். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத சாரம், படிய வாரிய தலை. சைக்கிளை உழக்கிக்கொண்டு எங்கள் படலையைத் தாண்டும்போது மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். முல்லைத்தீவுக் கோட்டுக்குப் போகிறார். அவர்மேல் வழக்கில்லை, அவர் போட்ட வழக்கும் இல்லை. சும்மா பார்க்கப் போகிறார். மற்றவர்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற மாதிரி அந்த மனிசன் கோட்டுக்குப் போகிறது.

அவரைப் பற்றிச் சொல்லு என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். 'அவர்' என்று நான் எழுதுவது அவருடைய வயதுக்காக. வேறு ஒன்றுக்கும் இல்லை.

நான் யூலியானா. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிறவள். புனிதம் என் அக்கா. அக்காவின் ஒரே பிள்ளை மெல்ரொன். அத்தான் கடைசிச் சண்டையில் இதே முள்ளிவாய்க்கால் மணலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவுக்கு உலகம் என்றால் அந்தப் பொடியன்தான். யாக்கோப்பு எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். அவருக்கும் பெண்சாதி அதே சண்டையில்தான் போனா. மகன் சுவிசில். அவன் தகப்பனைக் குறையில்லாமல் பார்க்கிறபடியால் மனிசன் கடலுக்குப் போகிறதை விட்டு வருசக்கணக்காகிறது.

கோட்டுப் பைத்தியம் பிடித்ததும் ஒரு சைக்கிளால்தான். மீள்குடியேறின புதிதில் லைற் இல்லாமல் சைக்கிள் ஓடினார் என்று பொலிஸ் பிடித்துக் கோட்டில் நிறுத்தியது. காலையிலேயே பேர் கூப்பிட்டு, தண்டம் எழுதி, போகச் சொல்லிவிட்டார்கள். ஆள் போகவில்லை. திரும்பி வந்து, சனம் இருந்து பார்க்கிற நீள ஆசனங்களில் இரண்டாம் வாங்கில் ஓரமாக இருந்து, கோட்டுக் கலையும் வரை பார்த்துவிட்டுத்தான் வந்தார். வந்து எங்கள் குசினி வாசலில் நின்றுகொண்டு அக்காவிடம் சொன்னார்:

"புனிதம், ஒருத்தர் கதைக்க மற்ற எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு கேக்கிற இடம் இந்த நாட்டிலை அது ஒண்டுதான். நீதவான்கூட ஆள் சொல்லி முடியுமட்டும் பேசாமல் இருந்து எழுதுறார், தெரியுமே?"

அன்றைக்கு எனக்கும் அது நல்ல கதையாகத்தான் பட்டது. பெண்சாதியைப் பறிகொடுத்த மனிசன், அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை, நாலு சனத்தோடு இருந்து பொழுதைப் போக்கட்டும் என்று நினைத்தேன்.

பிறகு அது தொழிலாகவே போய்விட்டது. வாசலில் நிற்கிற பொலிஸ்காரருக்கு அவரைத் தெரியும். முதல் வழக்கு எது, எந்த வழக்குக்குத் தவணை போடுவார்கள், எந்தச் சட்டத்தரணி எப்போது தொண்டையைச் செருமுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் வாத்தியார். "கால்மேல் கால் போடாதை. போனை நிப்பாட்டு. உள்ளுக்கு வரேக்கை தலையைக் குனி, பிள்ளை, இது உன்ரை மாமி வீடில்லை."

பின்னேரம் கோட்டால் திரும்பினால் மாதா கோயில் மதகடியில் அவருக்காகச் சனம் காத்திருக்கும். அங்கேதான் அவருடைய கோட்டு. கசிப்புச் சாராயத்தோடு பிடிபட்டவன் எப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், அரச காணியில் மரம் வெட்டினவர் எப்படி ஒன்றும் தெரியாத பாலகன்போல முழுசினார் என்று ஒவ்வொருத்தராகச் செய்து காட்டுவார். உடையார்கட்டில் இருந்து தாபரிப்பு வழக்குக்கு வந்த கமலாசனி என்று ஒரு பிள்ளை. புருசன் விட்டுவிட்டுப் போய், கைக்குழந்தையோடு நின்று அழுதிருக்கிறாள். அவள் சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததை இவர் தன் சால்வையால் துடைத்துக் காட்ட, மதகில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்து வாய்க்காலுக்குள் விழாத குறை. குரல் அச்சொட்டாக வரும். அந்தக் கெட்டித்தனத்தை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாசமாய்ப்போன கெட்டித்தனம்.

இனி மெல்ரொனின் கதை.

எங்கள் கரையில் கரைவலைச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். எங்கள் சம்மாட்டி அனிஸ்ரன். ஆட்கள் வரிசையாக நின்று வலை இழுத்த காலம் போய், இப்போது உழவு இயந்திரத்தில் உருளை பூட்டிக் கயிற்றைச் சுற்றி இழுக்கிறார்கள். அப்படி இழுக்கக் கூடாது என்று அந்த நேரம் தடை இருந்தது. அனிஸ்ரன் தடைக்குப் பயப்படுகிற ஆளில்லை. மெல்ரொனும் சின்னராசா என்கிற குடும்பகாரரும் அவரிடம் வலை இழுத்தார்கள். ஒருநாள் இரண்டு பேருக்கும் வாய்த்தர்க்கம். சின்னராசா குடிவெறியில் அக்காவைப் பற்றி ஒரு ஊத்தைக் கதை சொல்லிவிட்டார். மெல்ரொன் 'கொன்றுபோடுவன்' என்று கத்தினதை ஊரே கேட்டது.

அடுத்த சனிக்கிழமை விடியக் காலை வலை கரைக்கு வருகிற நேரம், சின்னராசா பிடரி வெடித்து மணலில் கிடந்தார். மெல்ரொன்தான் ஓடிப்போய்த் தூக்கினவன். சேட்டெல்லாம் இரத்தம். உழவு இயந்திரத்தின் கயிறு அறுந்து, அதில் பூட்டியிருந்த இரும்புக் கொக்கி சுழன்று வந்து அடித்தது என்று அவன் சொன்னான். பொலிஸ் வரும்போது கரையில் உழவு இயந்திரமும் இல்லை, கயிறும் இல்லை. இருந்தது ஒரு துடுப்பு. அந்தத் துடுப்பால் மெல்ரொன்தான் அடித்தான் என்று சம்மாட்டி சொன்னார். இயந்திரம் ஓட்டின செந்தூரனும் அதையே சொன்னான். வலை இழுத்த மற்ற ஆட்களுக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை. சம்மாட்டியைப் பகைத்தால் அடுத்த நாள் உலை வைக்க ஏலாதே.

பொடியனைக் கொண்டுபோய் வவுனியா மறியல் சிறையில் போட்டார்கள். கொலை வழக்கு. இலேசில் பிணை கிடையாது.

அக்கா நடந்த நடை கொஞ்சநஞ்சமில்லை. கண்டவர் யாராவது ஒருத்தர் வந்து கண்டேன் என்று சொன்னால் போதும் என்று எங்கள் சட்டத்தரணி தாட்சாயினி சொல்லிவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை, இரக்கமான பிள்ளை. அக்கா வீடு வீடாகப் போனாள். படலையில் நின்று கும்பிட்டாள். சிலர் தேத்தண்ணி கொடுத்தார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். யாக்கோப்பின் வீட்டுக்கும் போனாள், நானும் கூடப் போனேன். கதிரை இழுத்துப் போட்டு இருத்தி, பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு மனிசன் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்.

"ஒரு சாட்சி வேணும், புனிதம். ஒரே ஒரு சாட்சி. கேஸ் அதிலைதான் நிக்குது."

"ஓம் அண்ணை," என்று அக்கா தலையாட்டினாள். "ஆராவது கண்டிருப்பினம் எண்டால் சொல்லுங்கோ அண்ணை. நான் காலிலை விழுந்தாவது கேப்பன்."

"கேஸ் தொடங்கட்டும். அவசரப்படாதை. கேஸெண்டால் அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டுப் பிளேன்ரீயை உறிஞ்சிக் குடித்தார்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்து விசாரணை தொடங்க வருசங்கள் போய்விட்டன. தவணை நாள்களில் விடியக் காலை நாங்கள் வவுனியா பஸ் எடுப்போம். அக்கா, நான், யாக்கோப்பு. ஓம், அவரும்தான். எங்கள் வழக்கு தொடங்கின பிறகு முல்லைத்தீவுக் கோட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். துணைக்கு வருகிறார், என்ன நல்ல மனிசன் என்று அக்கா உருகிப் போனாள். அவருக்கும் சேர்த்து இடியப்பம் கட்டுவாள். பஸ்ஸில் முதலில் ஏறி, தன் பையை வைத்து அவருக்கு இடம் பிடிப்பாள்.

முதல் நாள் கோட்டில் சாட்சிக்காரரை வெளியே போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். செந்தூரன் விளங்காமல் வாங்கிலேயே இருந்தான். யாக்கோப்பு எட்டி அவனுடைய தோளில் தட்டினார்.

"தம்பி, நீ சாட்சியெல்லே? வெளியிலை போ. மற்றவை சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருந்துபோட்டுச் சாட்சி சொல்லேலாது. சாட்சிக்காரர் வெளியிலை."

கோட்டுச் சேவகரின் குரலிலேயே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செந்தூரன் எழும்பிப் போனான். யாக்கோப்பு சால்வையை மடியில் விரித்துப் போட்டு, வசதியாகச் சாய்ந்து இருந்தார். அங்கேயும் இரண்டாம் வாங்குதான்.

ஒவ்வொரு தவணையும் அப்படித்தான். சம்மாட்டி வந்து சொன்னார், செந்தூரன் வந்து சொன்னான். பிரேதப் பரிசோதனை செய்த வைத்தியர் வந்து, காயம் மொட்டையான பாரமான பொருளால் வந்தது, மரமாகவும் இருக்கலாம், இரும்பாகவும் இருக்கலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாக்கோப்பு அக்காவுக்கு விளக்கம் சொல்லுவார். "இண்டைக்கு அரச தரப்பு நல்லாச் செய்தது. ஆனா எங்கடை பிள்ளை தாட்சாயினி விடேல்லை. செந்தூரனுக்கு வேர்த்ததைக் கண்டனியோ?" பந்தடி பார்த்துவிட்டு வருகிறவர் மாதிரி. கூண்டுக்குள் எங்கள் பிள்ளை மெலிந்து, கண் குழி விழுந்து நிற்கிறான். இவருக்கு விளையாட்டு. ஒருநாள் நான் வாய் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளி, "சும்மா இரு, யூலி. அவர் இல்லாட்டி எங்களுக்கு ஆர் விளங்கப்படுத்துவினம்?" என்றாள்.

அரச தரப்புச் சாட்சிகள் முடிந்த அன்றைக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தோம். நெடுங்கேணி கழிந்தது. அக்கா ஜன்னலோடு தலையைச் சாய்த்து, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். யாக்கோப்பு இரண்டு கையையும் உரசிக்கொண்டு, "இனி என்ரை முறை," என்றார்.

"என்ன அண்ணை?"

"மெல்ரொன் அடிக்கேல்லை, புனிதம். கயிறு அறுந்துதான் அடிச்சது. கொக்கி பறந்து வந்தது. நான் கண்ணாலை கண்டனான்."

பஸ் இரைந்துகொண்டு ஓடியது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அன்று காலை கடற்கரைத் தாழம்பற்றைக்குள் ஒதுங்கியிருந்தாராம். மகன் காசனுப்பி, மாபிள் பதித்துக் கக்கூசு கட்டிக் கொடுத்தும், பழக்கதோசத்தில் மனிசன் காலையில் பற்றைக்குத்தான் போகிறது. பற்றைக்குள் இருந்தபடி எல்லாம் கண்டிருக்கிறார். கயிறு அறுந்தது, சின்னராசா விழுந்தது, மெல்ரொன் ஓடிவந்து தூக்கினது, சம்மாட்டி கையைக் காட்ட செந்தூரன் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனது. எல்லாம்.

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" நான் எழும்பியே விட்டேன். "பொடியன் உள்ளுக்குக் கிடந்து சாகிறான், நீங்கள் பக்கத்திலை இருந்து இடியப்பம் திண்டியள்!"

"யூலியானா, உனக்குக் கோட்டு விளங்காது. கடைசியாய் வாற சாட்சிதான் கேஸைப் பிரட்டும். நான் எத்தினை கேஸ் பாத்திருப்பன்! முதலே சொல்லியிருந்தால் சம்மாட்டி என்னைச் சும்மா விடுவானோ? இப்ப அவங்கள் எல்லாத்தையும் சொல்லி முடிஞ்சுது. இனி நான் ஏறினால் சரி."

எனக்கு அந்த மனிசனைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? ஓடுகிற பஸ்ஸில், சனத்துக்கு முன்னால், குனிந்து அவருடைய காலைத் தொட்டாள். "என்ரை மாதாவே, என்ரை பிள்ளை வந்திடுவான், என்ரை பிள்ளை வந்திடுவான்," என்று அழுதாள். அவர் பெரிய மனிசர்போல அவளுடைய தலையைத் தடவிக் கொடுத்தார்.

அடுத்த நாளே தாட்சாயினியிடம் கூட்டிக்கொண்டு போனோம். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள். முகம் பிரகாசமாகிக்கொண்டு வந்தது. கடைசியில் பேனையை மூடும்போது கேட்டாள்:

"ஐயா, நீங்கள் இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்? வெளிநாட்டிலையோ?"

"இல்லைப் பிள்ளை. கோட்டிலைதான்."

"கோட்டிலையெண்டால்?"

"உள்ளுக்குத்தான். ஒரு தவணையும் விடேல்லை. இரண்டாம் வாங்கு."

தாட்சாயினி மூடின பேனையைத் திரும்பத் திறந்தாள். பிறகு மெதுவாக, "சாட்சிகள் எல்லாரும் சொல்லும்போது கேட்டுக்கொண்டு இருந்தனீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான் சாட்சிக்கு வரச் சொல்லிக் கட்டளை ஒண்டும் வரேல்லையே," என்றார் யாக்கோப்பு. "கட்டளை வந்தாத்தானே சாட்சி. வராட்டி நான் பொதுசனம். பொதுசனம் இருக்கலாம்."

அவள் எங்களைப் பார்த்தாள். அக்கா சிரித்தபடி நின்றாள், ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டிருந்த சாட்சியைக் கோட்டு நம்பாது. ஆனாலும் எங்களுக்கு வேறு ஆளில்லை. "ஏத்திப் பாப்பம்," என்றாள் தாட்சாயினி.

அவர் சாட்சிக் கூண்டில் ஏறின நாளை நான் மறக்க மாட்டேன். புதுச் சேட்டு. வேதப் புத்தகத்தைத் தொட்டு, கோட்டு முழுக்கக் கேட்கச் சத்தியம் செய்தார். எத்தனையோ வருசமாகக் கீழே இருந்து பார்த்த இடத்தில் ஏறி நிற்கிறார் அல்லவா! தாட்சாயினி கேட்கக் கேட்க, கண்டதைக் கண்டபடி சொன்னார். ஒரு பிழை இல்லை. மெல்ரொன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண் வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அரச சட்டத்தரணி எழும்பினார். மரியாதையான மனிதர். கோபமே வராது.

"கடற்கரைப் பற்றைக்குள் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

யாக்கோப்பு நெளிந்தார். "காலைக்கடன், ஐயா."

"உங்கள் வீட்டில் மலசலகூடம் இல்லையா?"

"இருக்கு ஐயா. மாபிள் போட்டது."

பின்வாங்கில் சிரிப்பு. யாக்கோப்பு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நிமிர்ந்தார். மதகடியில் கேட்டுப் பழகின சிரிப்பு. அந்த இடத்தில்தான் மனிசன் கெட்டது.

"இந்த வழக்கை நீங்கள் தொடக்கத்திலிருந்தே பார்த்து வருகிறீர்கள், இல்லையா?"

"ஓம் ஐயா. ஒரு தவணையும் விடேல்லை."

"சாட்சிகள் சொன்னதெல்லாம் கேட்டீர்களா?"

"ஒரு சொல்லு விடாமல் கேட்டனான்."

"அவ்வளவு ஞாபகமா? உதாரணத்துக்கு, வைத்தியர் காயத்தைப் பற்றி என்ன சொன்னார்?"

யாக்கோப்பு தொண்டையைச் செருமினார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விடுவதுபோல விரலை வைத்து, வைத்தியரின் குரலில், "மொட்டையான பாரமான ஒரு பொருள். மரமாகவும் இருக்கலாம், இரும்பாகவும் இருக்கலாம்," என்றார். அச்சொட்டு அதே குரல். கோட்டுக் கலகலத்தது. பொலிஸ்காரர்கூடச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினார். நீதிபதி மேசையில் தட்டினார்.

என் பக்கத்தில் அக்காவும் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? எல்லாரும் சிரிக்கிறார்கள், அப்படியென்றால் எங்கள் பக்கம் நல்லாகப் போகிறது என்று நினைத்திருக்கிறாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவளுடைய பல்லை அன்றைக்குத்தான் கண்டேன். கூண்டுக்குள்ளே இருந்து மெல்ரொன் தாயின் சிரிப்பைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மறியலில் கிடந்து கோட்டுப் படித்தவன், அவனுக்கு விளங்கிவிட்டது.

"நன்றி," என்றார் அரச சட்டத்தரணி. "இரும்பாகவும் இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்ட பிறகுதானே உங்களுக்கு இந்த இரும்புக் கொக்கி ஞாபகம் வந்தது?"

"இல்லை ஐயா! நான் முதலே கண்டனான்."

"முதலே கண்டதைப் பொலிசில் சொன்னீர்களா? இவருடைய தாய் வந்து கேட்டபோது சொன்னீர்களா? யாருக்காவது சொன்னீர்களா?"

யாக்கோப்பு வாயைத் திறந்தார். எல்லாருடைய குரலிலும் கதைக்கத் தெரிந்த மனிசனுக்குச் சொந்தக் குரல் வரவில்லை. முழுக் கோட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அவருடைய பதிலைக் கேட்கக் காத்திருந்தது. அவர் ஆசைப்பட்ட மாதிரியே.

"வேறு கேள்வி இல்லை."

தீர்ப்பு நாளுக்கு அக்கா ஒரு பையில் மெல்ரொனுக்குப் புதுச் சேட்டும் காற்சட்டையும் கொண்டுவந்தாள். பழையது இரத்தம் பட்டதென்று பொலிசிலேயே கிடக்கிறது, பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

நீதிபதி வாசித்தார். எதிரியான மெல்ரொனின் தரப்புச் சாட்சி வழக்கு முழுவதையும் மன்றில் இருந்து செவிமடுத்த ஒருவர், ஆகவே அவருடைய சாட்சியம் ஏனைய சாட்சியங்களுக்குப் பொருந்தப் புனையப்பட்டதல்ல என்று கொள்ள இடமில்லை என்று வாசித்தார். வாய்த்தர்க்கத்தில் வந்த ஆத்திரத்தைக் கணக்கில் எடுத்து, கொலை என்றில்லாமல் அதற்குக் கீழான குற்றமாக எடுப்பதாகவும் சொன்னார். பத்து வருசக் கடூழியச் சிறை. மெல்ரொன் எங்களைத் திரும்பிப் பார்த்து, "சின்னம்மா, அம்மாவைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றான். அவ்வளவுதான் சொல்ல விட்டார்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் அக்கா பழக்கத்தில் யாக்கோப்புக்கும் இடம் பிடித்திருந்தாள். மூன்று பேர் இருக்கிற சீற்று. ஜன்னலோடு அக்கா, நடுவில் நான், ஓரத்தில் அவர். பை அக்காவின் மடியில். அவள் அழவில்லை. கண் இரண்டும் காய்ந்து போய்க் கிடந்தன. யாக்கோப்பு நெடுங்கேணி வரைதான் பொறுத்தார். பிறகு அவரால் ஏலாமல் போய்விட்டது.

"அப்பீல் இருக்கு, புனிதம். கொழும்பிலை. நானும் வாறன், பாப்பம்."

அக்கா மெதுவாக அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? நான் உங்கடை வீட்டை வந்து கேட்ட அண்டைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் என்ரை பிள்ளை வந்திருப்பான் என்ன?"

"அதெப்பிடி, புனிதம்?" யாக்கோப்புக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை, அந்த முகத்தை நான் பார்த்தேன். "அண்டைக்குச் சொல்லியிருந்தால் என்னையும் சாட்சியெண்டு வெளியிலை விட்டிருப்பாங்களே. பிறகு கேஸை எப்பிடிப் பாக்கிறது?"

பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பற்றைக் காட்டுக்குள்ளால் ரோட்டு நீண்டு கிடந்தது. அக்கா அந்தச் சொல்லை விழுங்குகிறதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டளை வரவில்லையாம், பொதுசனமாம்! மனிசனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. செந்தூரனின் தோளில் தட்டி எழுப்பின அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்த வாங்கில் ஒரு இடத்துக்காக எங்கள் பிள்ளையை விற்றுப்போட்டு, எங்களோடு இருந்து இடியப்பம் தின்றிருக்கிறார். நான் சாபம் போட வாயெடுத்தேன். அக்கா முந்திவிட்டாள்.

"சாட்சிக்காரர் வெளியிலை போங்கோ, அண்ணை," என்றாள்.

யாக்கோப்பு சிரித்தார். தன்னுடைய பகிடியை அவள் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"சாட்சிக்காரர் வெளியிலை போங்கோ."

இப்போது கொஞ்சம் பலமாகச் சொன்னாள். முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வாழ்நாளில் அக்கா ஒருத்தரையும் பார்த்துச் சத்தம் போட்டதில்லை. சாரதி பாட்டை நிறுத்தினார். அவள் அதையே மறுபடியும் சொன்னாள், பிறகும் சொன்னாள். குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை. பஸ் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. யாக்கோப்பு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஒட்டுசுட்டானில் பஸ்ஸை நிற்பாட்டக் கொண்டக்டர் மணியை அடித்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு எங்கள் பக்கம் வேறு பஸ் இல்லை. பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வருகிற இடம். யாக்கோப்பு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். படியில் இறங்கும்போது, கோட்டை விட்டு வெளியே போகிறவர்போல எங்கள் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார். பழக்கம்தான், வேறென்ன.

பஸ் வெளிக்கிட்டது. அக்கா மடியில் இருந்த பையை எடுத்து, மெல்ரொனின் புதுச் சேட்டு கசங்காமல் நேராக்கி, அவர் இருந்த இடத்தில் வைத்தாள்.